கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள்

ஒரு புது வீட்டின் கிரகப்பிரவேச வீடியோ கேசட்டைப் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் பேச்சு வருகிறது. வீட்டுக்காரன் பெயர் கௌரி சங்கர். ஊருக்கு அவன் ஆட்டோ சங்கர். அந்த விசேஷத்துக்கு ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலர் வந்திருந்தார்கள், கேசட்டும் போட்டோக்களும் அதற்குச் சாட்சி என்று 1994-ல் ‘நக்கீரன்’ பத்திரிகைத் தரப்பு கோர்ட்டில் சொன்னது. அந்த வாதம் தீர்ப்பின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்கில் தொங்கியவனைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர்களைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

சங்கர் தனி ஆளாகக் கொன்றவன் அல்ல, தனி ஆளாக வளர்ந்தவனும் அல்ல. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

இந்த வழக்கு எங்கள் மாவட்டத்து வழக்கும்கூட. சங்கர் தொழில் நடத்திய திருவான்மியூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். சங்கர் மீதான கொலை வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட். அப்போது அந்த மாவட்டத்துக்குத் தலைநகரம் காஞ்சிபுரம். 1997-ல் பிரிக்கும் வரைக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு எல்லோரும் இங்கேதான் வந்தாக வேண்டும். காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தில், தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்கிறவர்கள் வீட்டில்கூட ஆட்டோ சங்கர் கதை தெரியாத பெரியவர்கள் குறைவு. டீக்கடையில் ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அது பெண்பிள்ளைகளை அதட்டும் கதையாகவும் ஆகிவிட்டது. “பொழுது சாய்ந்து வெளியே போகாதே, ஆட்டோ சங்கர் தூக்கிட்டுப் போயிடுவான்.”

அந்தக் கதையில் அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடத்தி, கொன்று, கடலில் வீசுகிறவன். எத்தனை பெண்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கோர்ட்டில் நிரூபணமானது வேறு. கொலையுண்டவர்கள் ஆறு பேர். அதில் பெண் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரும் ஆண்கள். அவனிடம் வேலை பார்த்தவர்கள், அவனோடு மோதியவர்கள், அவன் இடத்துக்கு வந்து தகராறு செய்தவர்கள். இருட்டில் வந்து பிள்ளை பிடிக்கிற பூதம் அல்ல அவன். பட்டப்பகலில் தொழில் நடத்திய முதலாளி.

வேலூர் பக்கம் காங்கேயநல்லூர்க்காரன். 1950-களின் நடுவில் பிறந்தவன். பிழைப்புக்கு மெட்ராஸ் வந்து பெயின்ட் அடித்தான், பிறகு ஆட்டோ ஓட்டினான். இந்த வரலாறு அன்றைக்கு லட்சம் பேருக்குப் பொது. அவன் திரும்பிய திருப்பம் சாராயத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மதுக்கடை திறந்ததும் மூடியதும் பெரிய கதை. 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973-ல் கள்ளுக்கடையும் அடுத்த வருஷம் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1987 பிறந்தபோது கள்ளும் சாராயமும் மீண்டும் தடை. கடை மூடிய ஒவ்வொரு முறையும் காய்ச்சுகிறவன், கடத்துகிறவன், விற்கிறவன், கண்டும் காணாமல் இருக்கக் காசு வாங்குகிறவன் என்று ஒரு சங்கிலி முளைத்தது. கடற்கரைக் குப்பங்களில் காய்ச்சிய சரக்கு நகரத்துக்குள் போக வண்டி வேண்டும். லாரியை மடக்கிச் சோதிப்பார்கள். ஆட்டோவை யார் மடக்குவது? பின் சீட்டுக்கு அடியில் டியூபில் சரக்கு, மேலே ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் அது சவாரி. இந்தப் போக்குவரத்தில்தான் சங்கருக்குப் பணமும் போலீஸ் சிநேகமும் ஒன்றாக வந்தன. இரண்டும் சேர்ந்து வந்தவனுக்கு அடுத்த தொழில் விபசாரம். திருவான்மியூர் பெரியார் நகரில் குடிசைகளும் வீடுகளும் அவன் கைக்குப் போயின. ஆட்கள் சேர்ந்தார்கள். தம்பிமுறை, மச்சான்முறை என்று குடும்பமும் கூட இருந்தது.

சாராயமும் விபசாரமும் நடக்கும் இடத்தை வருஷக்கணக்கில் மறைத்து வைக்க முடியாது. அதன் இயல்பே நாலு பேர் தெரிந்து வருவதுதான். தெருவில் உள்ளவனுக்குத் தெரியும், பீட் கான்ஸ்டபிளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பார்க்கிறவன் மனதில் என்ன பதியும்? இவனைத் தொட முடியாது என்பது பதியும். அவன் மனதிலும் அதேதான் பதிந்தது. கொலைக்கு முன்னால் அவனுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் கத்தியோ கட்டையோ அல்ல, அந்த நினைப்பு.

ஆறு பேர்

முதலில் ஓர் இளம்பெண். சங்கரின் தொழிலில் சிக்கியிருந்தவர். அங்கேயே வேலை பார்த்த ஓர் இளைஞனோடு போய்விட்டார். வெளியே போய் ஒரு வாழ்க்கையைத் தொடங்கலாம் என்று இரண்டு பேர் நினைத்ததைச் சங்கர் துரோகமாக எடுத்துக்கொண்டான். அந்தப் பெண் கொல்லப்பட்டு, வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டார். பிறகு அந்த இளைஞன். அவரை எரித்தார்கள். இவர்களைத் தெரிந்த ஓர் ஆட்டோ டிரைவர் மூன்றாவது. கடைசியாக 1988 மே மாத இறுதியில் மூன்று பேர் ஒரே சமயத்தில். அங்கே வந்த இடத்தில் ஏற்பட்ட சண்டை, அடிதடியாகி, கொலையாகி, மூன்று பிணங்களும் பெரியார் நகர் வீட்டுக்குள் மண்ணுக்கு அடியில் போயின.

இவர்களின் பெயர்களை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பத்திரிகைகள் அன்றைக்கு ஊர், வயது, வேலை எல்லாம் போட்டு எழுதின. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதும்போது அவர் செய்த வேலையைப் பெயருக்கு முன்னால் பட்டம்போல ஒட்டினார்கள். சங்கர் வழக்கின் வழியாகவே வந்த தீர்ப்பு ஒன்றில், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரைப் பத்திரிகையில் போட்டு அவரை மேலும் இழிவுபடுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்களுடைய சொந்தபந்தங்கள் இன்னும் எங்கோ குடித்தனம் நடத்துகிறார்கள். கொன்றவன் பெயர் போதும்.

கடைசி மூவரின் வீட்டார் சும்மா இருக்கவில்லை. காணாமல் போன ஆளைத் தேடி அலைந்தார்கள், புகார் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த புகாரிலிருந்துதான் வழக்கு அவிழ்ந்தது. அப்போது எம்.ஜி.ஆர். மறைந்து, ஜானகி அம்மாள் அரசு கலைந்து, 1988 ஜனவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி. அலெக்சாண்டர் கவர்னர். வட்டச் செயலாளர், எம்.எல்.ஏ., மந்திரி என்று போகும் சிபாரிசுக் கயிறு அறுந்திருந்த மாதங்கள் அவை. ஆளுங்கட்சி என்று ஒன்று இல்லாத நேரத்தில் இந்த வழக்கு வெளியே வந்ததைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தோண்டத் தோண்ட எலும்புகள் வந்தன. அந்த மூன்று பேரைத் தேடித் தோண்டிய விசாரணைதான் முந்தைய கொலைகளுக்கும் வழி காட்டியது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பெண்ணும் இளைஞனும் ஆட்டோ டிரைவரும் காணாமல் போனபோதே யாராவது ஒரு போலீஸ்காரர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், 1988 மே மாதம் மூன்று பேர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள். கூரத்தில் ஒரு வீட்டுத் தறி ஒருநாள் ஓடவில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்க ஆள் வரும். பெரியார் நகரில் ஆளே இல்லாமல் போனபோதும் கேட்க யாரும் வரவில்லை, கேட்க வேண்டிய ஸ்டேஷனுக்கும் கேட்கும் எண்ணம் இல்லை.

அதே ஆண்டு, ஜப்பானில்

சங்கர் பிடிபட்ட அதே 1988-ல், ஆகஸ்ட் மாதம் ஜப்பானில் சைத்தாமா பகுதியில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். அடுத்த பத்து மாதங்களில் இன்னும் மூன்று சிறுமிகள். எல்லோரும் ஏழு வயதுக்குள். கொன்றவன் சுதோமு மியாசாகி. அச்சகமும் உள்ளூர்ப் பத்திரிகையும் நடத்திய வசதியான குடும்பத்துப் பிள்ளை. பிறவியிலேயே மணிக்கட்டில் கோளாறு, பள்ளியில் கேலி, நண்பர்கள் இல்லை. 1989 ஜூலையில் இன்னொரு சிறுமியிடம் அவன் தவறாக நடந்தபோது அவளுடைய அப்பாவே அவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். அவன் அறையைத் திறந்த போலீஸ் பார்த்தது கிட்டத்தட்ட ஆறாயிரம் வீடியோ கேசட்டுகள்.

இங்கேயும் கேசட், அங்கேயும் கேசட். மியாசாகியின் கேசட்டுகள் யாரும் உள்ளே வராத ஓர் அறையில் அடுக்கியிருந்தன. சங்கரின் கேசட்டில் வீடு நிறைய விருந்தாளிகள். மியாசாகி செய்தது வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாது. தெரிந்த பிறகு அவனுடைய அப்பா வக்கீலுக்குப் பணம் தர மறுத்தார், 1994-ல் தற்கொலை செய்துகொண்டார். சங்கரிடம் மறைவு என்பதே கிடையாது. அவன் யார், என்ன தொழில் என்பது ஒரு பேட்டைக்கே தெரிந்த சங்கதி.

ஜப்பான் பத்திரிகைகள் மியாசாகியின் அறைக்குள் புகுந்து, கார்ட்டூன் படம் பார்க்கும் இளைஞர்கள் எல்லோரையும் சந்தேகப்பட வைத்தன. நம் பத்திரிகைகள் சங்கரின் ஆட்டோவுக்குள் புகுந்தன. வெயிலிலும் மழையிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் பத்திரமாக இறக்கிவிட்ட ஆட்டோக்காரர்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். கொலைகாரர்கள் பற்றிய எழுத்தில் உலகம் முழுக்க ஒரே பழக்கம்: அவனை வினோதப் பிறவியாக்கிவிட்டால் நமக்கு நிம்மதி. மியாசாகி விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை உண்டு. சங்கர் விஷயத்தில் அது பொய். அவனிடம் இருந்தது வக்கிர மனம் அல்ல, கணக்குப் பார்க்கிற மனம். ஓடிப்போனால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குக் காட்ட ஒரு கொலை, அதை மறைக்க இன்னொன்று, கை ஓங்கிப் பழகியதால் மேலும் மூன்று.

அவனோ சினிமாவைக் குற்றம் சொன்னான். சினிமா அவனை விடவில்லை. விஜயகாந்த் நடித்து ஆர்.கே. செல்வமணி இயக்கிய ‘புலன் விசாரணை’ இந்தச் சம்பவங்களின் சாயலோடு 1990 பொங்கலுக்கு வந்து ஓகோவென்று ஓடியது. செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு வந்தது 1991 மே 31. அதாவது நீதிபதிக்குப் பதினாறு மாதம் முன்பே தியேட்டரில் தீர்ப்பு எழுதி, சண்டை போட்டு, வில்லனை முடித்து, கைதட்டியும் ஆகிவிட்டது. படத்தில் ஒரு நேர்மையான போலீஸ் அதிகாரி வருகிறார். நிஜத்தில் காணாமல் போனவர்களின் வீட்டார்தான் முதலில் வந்தார்கள்.

இடையில் 1990 ஆகஸ்டில் சங்கர் மெட்ராஸ் மத்தியச் சிறையிலிருந்து கூட்டாளிகளோடு தப்பினான். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1837-லிருந்து நின்ற சிறை அது. நகரத்தின் நட்டநடுவில், அவ்வளவு உயரச் சுவருக்குள்ளிருந்து நாடறிந்த கைதி வெளியேற உள்ளே ஆள் உதவாமல் முடியுமா? சிறை ஊழியர்கள் மீதே வழக்கு வந்தது. ஒரிசாவின் ரூர்கேலாவில் அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வெளியே இருந்தபோது போலீஸ், உள்ளே போனபோது வார்டர். இடம்தான் மாறியது.

முந்நூறு பக்கம்

செங்கல்பட்டு கோர்ட் சங்கருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் தூக்கு விதித்தது. 1992 ஜூலை 17-ல் உயர் நீதிமன்றம் சங்கரின் தூக்கை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவனுடைய அப்பீலைத் தள்ளியது. கருணை மனு ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் ‘நக்கீரன்’ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதை தொடராக வரப்போகிறது.

முந்நூறு பக்கம். 1991-ல் எழுதியது, சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே மனைவியிடம் கொடுத்தது, அவர் வழியாக வக்கீலிடம் போய்ப் பத்திரிகைக்கு வந்தது என்று பத்திரிகைத் தரப்பு சொன்னது. யார் யார் தன்னோடு தொழிலில் பங்கு வைத்திருந்தார்கள், எந்த அதிகாரிகள் வந்துபோனார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதாகப் பேச்சு. உடனே சிறைத்துறை ஐ.ஜி. 1994 ஜூன் 15-ம் தேதி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இப்படி ஒன்றைச் சங்கர் எழுதவே இல்லை, இது போலி, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்று. முதல் மூன்று பேர் மாயமானபோது அசையாத இயந்திரம், கட்டுரை ஒன்று வரப்போகிறது என்றவுடன் எவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டது!

ஆசிரியர் கோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1994 அக்டோபர் 7-ல் நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சுகாஸ் சென்னும் அளித்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தன்னைப் பற்றி அவதூறு வரும் என்று பயந்து ஒரு பத்திரிகையின் வாயை முன்கூட்டியே அடைக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை. வெளியான பிறகு பொய் என்று நிரூபித்து வழக்குப் போடலாம். கோர்ட் ஆவணங்களில் உள்ளதை யார் அனுமதியும் இல்லாமல் எழுதலாம், அதற்கு மேல் ஒருவருடைய சொந்த வாழ்க்கையை எழுதினால் பின்விளைவுக்குப் பத்திரிகையே பொறுப்பு. தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு, ஆனால் அதிகாரி தன் கடமையில் செய்தவற்றுக்கு அந்தப் போர்வை கிடையாது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பிலும் இந்த வழக்கு எடுத்துப் பேசப்பட்டது. தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று வாங்கித் தந்த உரிமை இது. இதே தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு.

1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்தியச் சிறையில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள். தீர்ப்பிலிருந்து தூக்குக்கு நாலு வருஷம்கூட ஆகவில்லை. மியாசாகிக்கு 1997-ல் தண்டனை விதித்து 2008 ஜூன் 17-ல்தான் நிறைவேற்றினார்கள். ஜப்பானிலும் தூக்குதான். அன்றைக்குக் காலையில்தான் கைதிக்கே சொல்வார்கள், குடும்பத்துக்கு முடிந்த பிறகு. 2017-ல் சாமா நகரில் ஒன்பது பேரைக் கொன்ற ஷிராயிஷியை 2025 ஜூனில் தூக்கிலிட்டதும் அப்படியே. அங்கே தூக்கோடு விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம், குற்றவாளி ஒருவன்தானே. சங்கரைத் தூக்கிலிட்டதோடு முடிந்தது என்று எப்படிச் சொல்வது? எல்லாம் அறிந்த முதல் சாட்சி அவன்தான். அவன் வாய் மூடியதில் நிம்மதி அடைந்தவர்கள் இறந்தவர்களின் வீட்டார் மட்டும்தானா?

இது பழைய கதை என்பவர்கள் நொய்டாவைப் பார்க்கலாம். நிதாரி கிராமத்தில் கூலிக்காரர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது, எங்காவது ஓடிப்போயிருக்கும் என்று விரட்டினார்கள். 2006 டிசம்பர் கடைசியில் ஒரு பங்களாவுக்குப் பின்னால் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. கைதான பங்களா வேலைக்காரருக்கு வழக்கு வழக்காகத் தூக்கு விதித்தார்கள். 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணையே கோளாறு என்று சொல்லி அவற்றில் பெரும்பாலான வழக்குகளிலிருந்து அவரை விடுவித்தது. முதலில் புகாரை வாங்கவில்லை. பிறகு அவசர அவசரமாக ஓர் ஆளைக் காட்டினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இரண்டிலும் நஷ்டம்.

அதனால்தான் எனக்கு ‘மேன் மிஸ்ஸிங்’ என்ற சாதாரண ஸ்டேஷன் வழக்கு, கொலை வழக்கைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆள் காணவில்லை என்று போனால், சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, ரெண்டு நாள் பாருங்க, வந்துருவாரு என்று அனுப்புவது இன்றும் நடக்கிறது. போகிறவர் கைலி கட்டிய கூலித் தொழிலாளியாக இருந்தால் இன்னும் சுலபம். காணாமல் போனவர் குடிகாரராகவோ, நாலு பேர் ஒருமாதிரி பேசும் பெண்ணாகவோ இருந்துவிட்டால் ரசீதும் சந்தேகம்தான். பெரியார் நகரில் முதலில் செத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களைத் தேட யாருக்கும் அவசரம் இல்லை என்று சங்கருக்குத் தெரிந்திருந்தது.

2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்: வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும், போடாத அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அதே வருஷம் மே மாதம் வந்த இன்னொரு உத்தரவு, பிள்ளை காணவில்லை என்றால் கடத்தல் என்று எடுத்துக்கொண்டு வழக்குப் பதியச் சொல்கிறது. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்ப முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். வாங்க மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். கூரத்துக்காரர்களுக்கு இதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை. எஸ்.பி. ஆபீஸ், கோர்ட் இரண்டும் காஞ்சிபுரத்திலேயே இருக்கின்றன.